கடைசி நம்பர்

ஜீப் வந்து நின்ற தோரணையே சரியில்லை என்று செல்வலட்சுமிக்குத் தோன்றியது. எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் இருக்கும் அவளுடைய எஸ்டிடி பூத்துக்கு ஜீப்பில் வந்து போன் பேசுகிறவர்கள் யாரும் கிடையாது. இறங்கியவர்களில் ஒருவர் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் காமராஜ். இன்னொருவரின் முடிவெட்டே போலீஸ் என்றது.

நல்லசிவத்தைத் தேடித்தான் வருகிறார்கள். அவன் அரசாங்க ஜீப் டிரைவர். சித்திரையில் வெடித்து ஐந்து உயிரை வாங்கிய அந்தக் கம்பெனி ஆலையைச் சோதனை போட்டதாக அதிகாரி கையெழுத்திட்டது ஜீப்புக்குள் உட்கார்ந்தபடிதான், வாசலைக்கூட மிதிக்கவில்லை என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தலைமறைவு. கொஞ்சம் முன்புதான் இங்கே வந்து போன் பேசினான். போகும்போது, "யக்கா, இப்பப் பேசுனேன்ல, அவுக வீட்டுலதான் ஒளிஞ்சுக்கிடப் போறேன். யார்ட்டயும் மூச்சு விட்றாதீக" என்றான்.

யாரோடு பேசினான் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவு சாத்தியதும், உள்ளே பேசுவது காதில் விழாமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவது அவள் வழக்கம். பட்டாசு மருந்து தீப்பிடித்து வலது கை விரல்கள் போனதற்காகக் கிடைத்த பூத் இது. வருகிறவர் பேச்சு அவருக்கே சொந்தம் என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். "யாரு என்ன பேசுறாகன்னு கேக்காம, ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிடப் போறே" என்பான் புருஷன் பாண்டி.

ஆனால் கடைசியாகப் போட்ட நம்பரை மறுபடி போடும் ரீடயல் பொத்தான் அந்தப் பாழாய்ப்போன போனில் இருக்கிறதே! ஒரு அழுத்து அழுத்தினால் போதும், நல்லசிவம் ஒளியப்போகும் வீட்டில் மணி அடிக்கும். வேறு நம்பர் போட்டு அதை அழித்துவிட, அவர்கள் ரோட்டைத் தாண்டுவதற்குள் அவள் கண்ணாடிக் கூண்டுக்குள் பாய்ந்தாள். பயத்தில் ஒரு நம்பரும் நினைவுக்கு வரவில்லை. இடது கை தானாக எதையோ அழுத்தியது. ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"நல்லசிவம் யார்கிட்டப் பேசுனான்?" என்றார் காமராஜ்.

"எம்புட்டோ பேரு வாராக அண்ணாச்சி. நான் கேக்குறதில்ல. அது அவுகவுக பேச்சு."

காமராஜ் சிரித்தார். கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினார். மீட்டர் பெட்டியில் அந்த நம்பர் சிவப்பு எண்களாக ஓடியது. அவர் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. தினமும் இந்தச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டியைக் கூப்பிட அவள் போடும் நம்பர் அது. பாண்டி வேலை செய்யும், அதே கம்பெனி முதலாளியின் இன்னொரு ஆலையின் கேட் போன்.

அங்கே போனை எடுத்த வாட்ச்மேன் சுடலைக்குக் காது மந்தம். ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். "பாண்டியத்தானே கூப்புடணும்? லைன்லயே இருங்க!"

"நம்ம ஆலைக்குள்ளயே ஆள் வச்சிருக்கான் சார்" என்று காமராஜ் போலீஸ்காரரிடம் பல்லைக் கடித்தார்.

பாண்டிக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான்தான் போட்டேன் என்று சொன்னால் அவன் தப்பிப்பான். ஆனால் எதை மறைக்கப் போட்டாய் என்று அடுத்துக் கேட்பார்கள்.

"நான்தான் போட்டேன் அண்ணாச்சி. அது எம் புருஷன்."

காமராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இதுக்கு முன்னால இருந்தது யாரு நம்பரு?"

ரிசீவருக்குள் யாரோ மூச்சிரைக்க வந்து எடுத்தார்கள். "சாப்ட்டியா செல்வம்?" என்றது பாண்டியின் குரல். மறுபடியும் கேட்டது: "ஏ செல்வம், சாப்ட்டியா?"

செல்வலட்சுமி எப்போதும்போலக் கையை நீட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.