துடைக்காத கத்தி

பழைய சவரக்கத்திப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் வீட்டில் முப்பத்தொரு கத்திகள் இருந்தன. ஒன்றும் யார் முகத்தையும் தொடுவதில்லை. அவற்றில் தலையாயது அவருடைய அப்பாவின் கத்தி. அதன் அலகில் படிந்த கருநீலக் கறையைப் பற்றி மட்டும் தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசுவார்.

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கத்தியால எனக்கு ஒரு தடவ சவரம் பண்ணி விடுடா."

"தீட்டினா கறை தேஞ்சிடும்ப்பா. அதுல வரலாறு இருக்கு."

"வரலாறாவது மண்ணாங்கட்டியாவது! நான் சோம்பேறித்தனமா துடைக்காம வச்சதுடா அது."

"பார்க்கலாம், கொஞ்சம் பொறுங்கப்பா" என்று தலைவர் கத்திக்கு எண்ணெய் தடவினார்.

அப்பா பத்து நாள் பொறுத்தார். பிறகு மருத்துவமனையில், மூக்குக் குழாயை ஒட்டுவதற்காக, ஊழியர் ஒருவர் பிளாஸ்டிக் ரேசரால் ஒரு கன்னத்தை மட்டும் மழித்தார். அந்த அரை முகத்தோடே அப்பா போய்ச்சேர்ந்தார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய தலைவர், கத்தியைத் தண்ணீரில் முக்கி, அப்படியே பெட்டியில் வைத்து மூடினார்.

அடுத்த மாதம் சங்கத்தார் வந்தார்கள். செயலாளர் பூதக்கண்ணாடியை வைத்துத் துருவைப் பார்த்தார்.

"அடேயப்பா, என்ன பழமை! எப்படித் தலைவரே காப்பாத்துறீங்க?"

"துடைக்கல" என்றார் தலைவர்.

தன்னடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.