இருபத்தைந்துக்கு ஒன்பது

ஆறேகால் வகுப்புக்கு ஆறரை ஆகியும் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். ஏலவார்குழலி களப்பணி அறிக்கைகளை மேசைமேல் பரப்பி, சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். எம்.ஏ., பொது நிர்வாகம், மாலை வகுப்பு. படிக்கிற பதினெட்டுப் பேரும் பகலில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, காலி டிபன் கேரியரோடு வந்து சேருகிறவர்கள். வகுப்பிலேயே வயது குறைந்தவள் பாடம் நடத்துகிற இவள்தான், இருபத்தேழு. தற்காலிக ட்யூட்டர். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை போகும். கல்லூரி முதல்வர் மனசு வைத்தால் ஜூனில் திரும்பி வரும்.

அந்த வருஷம், 1974இல், பல்கலைக்கழகம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. மாணவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதைப் பரீட்சைக்கு முன்பே கல்லூரி அளந்து சொல்ல வேண்டும். மொத்தம் இருபத்தைந்து மதிப்பெண். பத்துக்குக் கீழே போனால் பரீட்சையே எழுத முடியாது. எப்படி அளப்பது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்கள். ஏலவார்குழலிக்கு அதில் மனசு ஒப்பவில்லை. தாமதத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறவருக்கு ஒரு மனுவை நகர்த்தத் தெரியவில்லை என்றால் அவர் என்னத்தைக் கற்றார்? பஸ் நிலையத்துப் பக்கம் மனு எழுதிக் கொடுக்கிற முனுசாமியைப் பிடித்து, பதில் வராமல் கிடக்கிற பதினெட்டு மனுக்களின் விவரத்தை வாங்கினாள். ஆளுக்கு ஒன்று. அது எந்த மேசையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, கண்டுபிடித்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

கையில் இருந்த ஆறு பக்க அறிக்கை அப்துல் சத்தாருடையது. அவன் ஓர் அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு கிளார்க். பத்து வருஷமாகக் கட்டுகளைத் தூக்கிச் சுமக்கிறவன். அவன் அலுவலகத்திலேயே கிடந்த மனுதான் அவனுக்கு வந்திருந்தது. முசரவாக்கத்துப் பொன்னியம்மாள் முதியோர் உதவித்தொகை கேட்டுப் போட்ட மனு, பதினான்கு மாதம் பழையது.

சத்தார் உள்ளே வந்து வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் அவனை மேசைக்குக் கூப்பிட்டாள்.

"வயசுச் சான்று இல்லைன்னு குறிப்பு எழுதி நிறுத்தி வெச்சிருக்காங்க. ஆனா சான்று மனுவுக்குள்ளேயே இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே சத்தார், எப்படி?"

"அந்தம்மா பாவு பிணைக்கிறவங்க மேடம். தறியில இருக்கிற பழைய பாவோட நுனியில புதுப் பாவு இழையை ஒண்ணொண்ணா முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஒரு இழை விட்டாலும் போச்சு. அந்தப் பழக்கம். சான்று எங்கனா வுழுந்துடப் போவுதுன்னு, மனுத்தாளை ரெண்டா மடிச்சி, நடுவுல சான்றை வெச்சி, மூணு பக்கமும் பட்டு நூலால தச்சிட்டாங்க. பார்த்தா ஒரே தாளாட்டம் இருக்குது. யாரும் தடவிக்கூடப் பார்க்கல. நான் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சிக்கினு பார்த்தேன், உள்ள முத்திரை தெரிஞ்சிச்சி."

"அப்புறம்?"

"பிரிச்சேன் மேடம். எடுத்து மேல வெச்சேன்."

அவளுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அறிக்கையின் தலைப்பில் இருபத்திரண்டு என்று போட்டு வட்டமிட்டாள். சத்தார் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"சென்னையில கிளார்க்குங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஸ்கூல்ல ஒரு வேலை காலி இருக்குது மேடம். எம்.ஏ. கேக்குறாங்க. வர்ற ஜூலைக்குள்ள முடிச்சாத்தான் உண்டு. அதுக்கு மேல வயசு தாண்டிடும்."

"இதுல நீங்க தாண்டியாச்சு. போய் உட்காருங்க."

அடுத்த அறிக்கை பூவராகவனுடையது. சத்தார் வேலை பார்க்கிற அதே அலுவலகத்தில் தலைமை எழுத்தர், நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு பக்கம், ஓரம் விட்டு, நீல மையில் முத்து முத்தான எழுத்து. பக்கத்துக்கு இரண்டு அறிஞர்கள். அவரிடம் கொடுத்த மனு எந்த மேசையில் கிடக்கிறது என்பது மட்டும் அறிக்கையில் எங்கேயும் இல்லை. அவள் ஆறு போட்டாள். பொன்னியம்மாளின் மனு பதினான்கு மாதம் உறங்கிய மேசை அவருடையதுதான் என்பது அவளுக்குத் தெரியும். சத்தார் பெயரைச் சொல்லாமல் 'மூன்றாம் மேசை' என்று எழுதியிருந்தான். அந்த மரியாதையால் ஒரு பிரயோசனமும் இல்லை, வகுப்பில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிட்டது.

மார்ச் முதல் வாரம் மதிப்பீட்டைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அச்சடித்த படிவம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண்: வருகை, வரையறைகள், மேற்கோள், அமைப்பு, வாய்மொழி. முதல்வர் குமாரசாமியின் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பூவராகவன் கைகட்டி நின்று நிர்வாகக் கோட்பாடுகளை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அதிகாரி இரண்டு முறை "பேஷ்" என்றார்.

சத்தார் முறை வந்தது.

"நிர்வாகத்தின் கோட்பாடுகள் எத்தனை?"

"சார், அந்தம்மாவோட மனு..."

"எத்தனைன்னு கேட்டேன்."

சத்தார் ஒவ்வொன்றாக ஏழு சொன்னான். எட்டாவது வரவில்லை. அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"தைச்சிருந்த காகிதத்தைப் பிரிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"ரெக்கார்டு கிளார்க் மனுவைப் பிரிக்கலாம்னு எந்த விதியில இருக்கு?"

சத்தார் சுவரோரம் நின்றிருந்த ஏலவார்குழலியைப் பார்த்தான். அவள் முன்னால் வந்தாள்.

"சார், அதைப் பிரிச்சதாலதான் சான்று வெளியே வந்தது. பதினாலு மாசமா யாரும் செய்யாததை இவர் செஞ்சிருக்கார். இதைவிட வேற என்னத்தைக் கத்துக்கணும்?"

"இருக்கலாம்மா. அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே" என்றார் அதிகாரி, கோபமே இல்லாமல்.

முசரவாக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைந்த ஒரு மாதம் சத்தார் வகுப்புக்கு வரவில்லை. வருகைக்குப் பூஜ்யம். அறிஞர் ஒருவர்கூட இல்லாததால் மேற்கோளுக்கும் பூஜ்யம். மற்றவை மும்மூன்று. கூட்டினால் ஒன்பது. பூவராகவனுக்கு இருபத்துமூன்று.

அதிகாரியைக் காரில் ஏற்றிவிட்டு வந்த முதல்வர் மதிப்பெண் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க போட்டதை அடிச்சிட்டு இதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"ஒரே ஒரு மார்க் சார். அதையாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டா, அந்த மனுவைப் பத்தியும் பல்கலைக்கழகத்துல கேப்பாங்க. நம்ம காலேஜ் கட்டட அனுமதிக் கோப்பு யார் மேசையில இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? பூவராகவன் மேசையில."

"நான் போட்ட மார்க்கை நான் அடிக்க மாட்டேன் சார்."

"ஏப்ரல் வருதும்மா."

"வரட்டும்."

குமாரசாமி பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து, இருபத்திரண்டின் குறுக்கே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் ஒன்பது என்று எழுதினார். ட்யூட்டர் கையெழுத்து என்ற இடத்தில் 'ட்யூட்டருக்காக' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. அவள் போட்ட சண்டைக்கு மொத்தப் பலன் அந்த ஒரு சொல்தான் என்று நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சத்தாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று வகுப்பை ரத்து செய்துவிட்டுப் போனாள். மறுநாள் அவனாகவே அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொண்டான்.

ஏப்ரலில் பரீட்சை. கூடத்தில் பதினேழு மேசை போட்டிருந்தார்கள். கண்காணிப்பு அவளுக்கு, வேலையில் அதுதான் கடைசி வாரம். முதல் கேள்வி: 'அரசு அலுவலகங்களில் ஏற்படும் தாமதத்தின் காரணங்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் விவரி.' கேள்வித்தாளைப் பார்த்ததும் பூவராகவன் முகம் மலர்ந்தது. மணி பத்தரை தாண்டியபோது ஜன்னலுக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள். உச்சியில் புடவையை இழுத்துவிட்ட ஒரு கிழவி, கையில் சுருட்டிய காகிதம்.

"டீச்சரம்மா, பூவராகவன்னு ஒரு அய்யா இங்க பரீட்சை எழுதுறாராமே. ஆபீஸ்ல சொன்னாங்க. நானு முசரவாக்கம், பொன்னியம்மா."

"உங்க மனுதான் குடுத்தாச்சே?"

"திருப்பிட்டாங்கம்மா. பிரிச்ச காயிதம் செல்லாதாம். புதுசா எழுதிக்கினு வா, வயசுச் சீட்டும் புதுசா வாங்கிக்கினு வான்னாங்க. வாங்கியாந்துட்டேன். ஆனா அய்யா பத்து நாளு லீவாம்."

"சத்தார்கிட்ட குடுக்கலாமே. ரெக்கார்டு ரூம்ல இருப்பாரே."

"அந்தத் தம்பிகிட்டதான் மொதல்ல போனேன். கையால கூடத் தொடலம்மா. பின்னால கையைக் கட்டிக்கினு, எனக்கு விதியில இடமில்லம்மா, நேரா அவர்கிட்டயே போய்க் குடுன்னுட்டாரு. முன்ன அப்படிப் பேசுற புள்ள இல்ல." கிழவி காகிதத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அய்யா எப்பம்மா முடிப்பாரு?"

"ஒரு மணி ஆகும்."

"இருக்கேன்" என்று பொன்னியம்மாள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாவது மேசையில் கை உயர்ந்தது. பூவராகவன் எழுதிய தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடிஷனல் ஷீட் மேடம்" என்றார். ஏலவார்குழலி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் மேலே எண்ணை எழுதி, 'களையும் வழிகள்' என்று தலைப்பிட்டு, அளவுகோல் வைத்து அடிக்கோடு போட்டார். ஜன்னலுக்கு வெளியே வெயில் சுவரைத் தொட்டுவிட்டது. பொன்னியம்மாள் மிச்சமிருந்த ஒரு சாண் நிழலுக்குள் காலை இழுத்துக்கொண்டாள்.