நாள்விதைப்பின் முதற்பிடி

கண்டாவளையில் எங்கள் வயலில், நல்ல நாள் பார்த்து முதல் நெல்லை விதைக்கும் நாள்விதைப்பு நடந்தபோது வரம்பில் நின்றவர்கள்: அப்புத்துரையாகிய நான், என் மனைவி இராசேஸ்வரி, மகள் தாட்சாயினி, எனக்குக் கைப்பயிற்சி தரும் இயன்மருத்துவர் சுரேகா. வேறு எவரும் இல்லை.

ஆனி மாதம் பாரிசவாதம் வந்து என் வலக்கை விழுந்தது. எங்கள் குடும்பத்தில் முதற்பிடி நெல்லை மூத்தவர்தான், வலக்கையால்தான் எறிய வேண்டும். விதைப்பு வரும் ஐப்பசிக்குள் கை எழும்ப வேண்டும் என்று சுரேகாவிடம் சொன்னேன். வீட்டாரும் சுரேகாவும் தவிர ஊரார் எவரும் என்னைப் பார்க்கக்கூடாது என்று அறைக்கதவை உள்ளே பூட்டிக்கொண்டேன்.

வீட்டு வளவில் தாட்சாயினி நெல் வீசுவதை அவள் தோளுக்கு மேலிருந்து இராசேஸ்வரி படம்பிடிக்க, சுரேகா அதைப் போனில் என் முன்னே வைத்தார்.

“வெறுமனே பாக்காதேங்கோ ஐயா. பாக்கேக்கையே உங்கட கை எறியிறதா நினையுங்கோ. ரெண்டும் சேர்ந்தால்தான் மூளையில கையை ஆட்டுற இடம் கூடுதலா வேலை செய்யும்,” என்றார் சுரேகா.

“கண்ணை மூடிக்கொண்டு நினைச்சால் போதாதோ?”

“கண்ணை மூடினால் நீங்கள் குறட்டை விடுறீங்களாம். இராசேஸ்வரியம்மா சொன்னவா.”

நாளுக்கு மூன்று தடவை பார்த்தேன். படத்தில் கை பனையோலைக் கடகத்துள் போகும், அள்ளும், வீசும். என் கை மடியில் ஈரச்சாக்கு மாதிரிக் கிடக்கும். உள்ளே நான் எறிந்துகொண்டே இருப்பேன். வெளியே ஒரு விரலும் அசையாது.

ஒன்பதாம் நாள் படத்திலிருந்த மணிக்கட்டில் தழும்பைக் கண்டேன். அது அவளுடைய இடக்கையில் இருக்கும் தழும்பு.

“தாட்சா, இது உன்ர இடக்கையெல்லோ?”

“ஓம் அப்பா. வலக்கையால எறிய எனக்கு வராது. போனில இடம் வலம் மாத்திவிட்டனான்.”

“என்னட்டைச் சொல்லேல்லை?”

“சொன்னால் பாத்திருப்பீங்களோ?”

அவளுக்கு ஆறு வயதில், இடக்கையால் சோறு அள்ளினாள் என்று அந்தக் கையை அவள் இருந்த கதிரையின் காலோடு கட்டியவன் நான். கயிறு அறுத்த தழும்பு அது. போனை மூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். அது என் கை என்றே நினைத்தேன். நினைக்க நினைக்கக் கயிறும் என் மணிக்கட்டில் ஏறி இறுகியது. கதவு பூட்டியே இருந்தது.

விதைப்பன்று கை நெஞ்சுவரை எழும்பியது. விரல்கள் பாதிதான் விரிந்தன. கொஞ்சம் நெல் காலடியில் விழுந்தது. மிச்சம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

“இனி நீ எறி, பிள்ளை.”

அவள் வலக்கையைக் கடகத்துள் விட்டாள்.

“அந்தக் கையால இல்லை. உன்ர கையால.”

தகப்பனை மீறி மகள் இடக்கையால் விதைத்தாள் என்று சந்தியில் கதைக்கிறார்கள். பிழை. முதற்பிடியை நான் என் வலக்கையால் எறிந்தேன். அதன் பின்னர் அவள் இடக்கையால் விதைத்தது, நான் சொன்னபடியால்.