ஏழாவது ஓட்டக்காரன்

ஆர்வில் ஹோஸ்டாட் இறந்த அடுத்த வசந்தத்தில், அவருடைய மகன் மெரில் ஒரு பிக்கப் வண்டி நிறைய அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து கல்லூரி நூலகத்தின் பின்வாசலில் இறக்கினார். அயோவாவில் அந்த வட்டாரம் முழுக்க ஹோஸ்டாட் என்றால் ஓட்டப் பயிற்சியாளர்தான். வேறு ஹோஸ்டாட் இருந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

"அப்பா ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் கீழ போட்டதில்லை. இனி உங்க பாடு," என்று மெரில் கையைத் தட்டிக்கொண்டார்.

ஆவணக் காப்பாளர் ஜனீன் கோலாருக்கு அதைக் கேட்டதும் அந்தப் பெட்டிகள்மேல் பசியெடுத்தது. பிறர் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அவள் இன்னமும் ஆச்சரியப்படுகிறவள்.

பந்தய அழைப்பிதழ்கள், பயிற்சி அட்டவணைகள், பழைய மாணவர்களின் கல்யாணப் பத்திரிகைகள் என்று வந்துகொண்டிருந்தன. மூன்றாவது பெட்டியில் பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று. பிரித்தால், எல்லாம் பாதங்கள். தபாலில் ஷூ தருவிப்பதற்காகக் கோச் ஒவ்வொரு பையனையும் காகிதத்தின்மேல் நிற்கவைத்துப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் பேர் எழுதியிருந்தார். ஒரு ஜோடிக்கு மட்டும் பேரில்லை. சிறியவை, ஒடுங்கியவை. பையன் காலாகத் தெரியவில்லை.

மெரிலுக்குப் போன் செய்து கேட்டாள்.

"எங்க அம்மா கால் இல்லை. அம்மாவுக்குப் படகு மாதிரி கால்," என்றார். பிறகு குரல் மாறியது. "இங்க பாருங்க ஜனீன். அப்பாவைப் பத்தி அசிங்கமா ஏதாவது கிளம்புச்சுன்னா, அத்தனை பெட்டியையும் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜனீனுக்கு அந்தப் பாதம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பழைய மாணவர்கள் கூடும் நாளில், அப்பமும் மேப்பிள் பாகுமாக அவர்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்குக் காகிதத்தைக் கொண்டுபோனாள். லைல் என்ற வழுக்கைத்தலைக் கிழவர் ஒருவர் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"அட, நம்ம ஆர்லிஸ்! லாண்டரியில வேலை பார்த்த பொண்ணு. எங்க துணியெல்லாம் துவைப்பா. ஓட விட்டா எங்களையும் சேர்த்துத் துவைப்பா."

"ஓடினாங்களா? அப்ப பொண்ணுங்களுக்கு அணியே கிடையாதே?"

"அதான் விஷயமே. இங்கதான் பக்கத்து ஊர்ல இருக்கா. போய் அவகிட்டயே கேளுங்க."

மெரிலிடம் சொல்லாமல் போக ஜனீனுக்கு மனம் வரவில்லை. சொன்னாள். அவர் நானும் வருகிறேன் என்றார்.

கதவைத் திறந்த ஆர்லிஸ் ஒல்லியான, நெடிய கிழவி. மெரிலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆர்வில் பையன்தானே நீ? அதே காது. உள்ள வாப்பா. நீயும் வாம்மா."

காப்பி ஊற்றினாள். மெரில் கோப்பையைத் தொடவில்லை.

"எங்க அப்பாவுக்கும் உங்களுக்கும் என்ன?" என்று நேராகவே கேட்டார்.

"ஓட்டம்தான். வேற என்ன நினைச்சே?" என்று அவள் சிரித்தாள். "நான் பஸ்ஸைத் துரத்திப் பிடிச்சதைப் பார்த்துட்டு வந்து கேட்டார், நாளைக்குக் காலையில பசங்களோட ஓடறியான்னு. ஒரு வருஷம் ஓடினேன், எனக்கும் காலை வரைஞ்சு ஷூ தருவிச்சுக் குடுத்தார். அறுபத்திரண்டுல ஒரு குன்றோட்டப் பந்தயம். அணிக்கு ஏழு பேர் ஓடணும், ஏழாவது ஆளுக்குக் காய்ச்சல். தலையில தொப்பியை மாட்டி என்னை இறக்கிட்டார். யார் பேர் கேட்டாலும் 'ரே'ன்னு பையன் பேரைச் சொல்லுன்னார். மூணாவதா வந்தேன். நடுவர் ஓடிவந்து, 'என்ன பேர் தம்பி?'ன்னார். மூச்சு வாங்குது, மூளை வேலை செய்யலை. 'ஆர்லிஸ்'னு என் சொந்தப் பேரையே சொல்லிட்டேன்."

ஜனீன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மெரில் சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

"எங்க அணி ஓடினதே செல்லாதுன்னுட்டாங்க. கோச்சை அந்த சீசன் முழுக்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் பேர் வெளிய வந்தா லாண்டரி வேலை போயிடும்னு, அவரே முதுகுவலின்னு ஊரெல்லாம் சொல்லிட்டார். பசங்களும் மூச்சுவிடலை."

மெரில் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே சோளக்காட்டில் யாரோ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வருஷம் எனக்குப் பத்து வயசு," என்றார். "அப்பா தினமும் வீட்ல இருந்தார். மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போனார். முதுகுவலி சும்மா சாக்கு, என்னோட இருக்கணும்னுதான் லீவு போட்டார்னு நினைச்சுட்டிருந்தேன். இத்தனை வருஷமா."

ஆறுதலுக்காகப் பேசுகிற பெண் அல்ல ஆர்லிஸ்.

"உனக்காக லீவு போடலைதான். ஆனா ஒண்ணு. அந்த அக்டோபர்ல மன்னிப்புக் கேட்கலாம்னு அவரைத் தேடிப் போனேன். என்னைப் பேசவே விடலை. நீ பிடிச்ச மீனைப் பத்தியே அரைமணி நேரம் பேசினார். எனக்கு எரிச்சலா வந்துச்சு."

மெரிலின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஜனீனுக்குத் தெரியவில்லை. பார்க்கக் கூடாது என்று மேஜையைப் பார்த்தாள்.

"ஆனா அவரும் ஒண்ணும் மகான் கிடையாது," என்று ஆர்லிஸ் தொடர்ந்தாள். "பின்னால பொண்ணுங்களுக்கு அணி ஆரம்பிச்சப்போ, துணைக் கோச்சா வான்னு கூப்பிட்டார். எனக்கு மூணு குழந்தைங்க. முடியாதுன்னேன். அதோட பேச்சை நிறுத்திட்டார். மளிகைக் கடையில நேருக்கு நேர் பார்த்தாலும் தக்காளியைத்தான் பார்ப்பார். சாகறவரைக்கும் அப்படித்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு."

"இதையெல்லாம் பதிவு பண்ணலாமா?" என்று ஜனீன் மெல்லக் கேட்டாள். கேட்டது ஆர்லிஸை. பார்த்தது மெரிலை.

மெரில் திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்காகக் குடித்தார்.

"பண்ணுங்க. தக்காளியையும் சேர்த்து."

ஜனீன் பதிவுக் கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆர்லிஸ் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல அந்த நடுவரைப் பத்திச் சொல்றேன். அந்த ஆளைத்தான் பின்னால என் தங்கச்சி கட்டிக்கிட்டா."