ஐசி கேட்காத பாலம்

"வரட்டும் எண்டு நீர் சொன்னதே பிழை!"

"நான் எங்கை வரட்டும் எண்டு சொன்னனான்? வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்..."

"அது அதைவிடப் பிழை! என்னை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

"கேட்டா வேண்டாம் எண்டுவியள். அதுதான் கேக்கேல்லை."

அரியரட்ணம் கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டார். அன்று மாலை ஆறு மணிக்கு வெஸ்ட் வின்ட்சர் நூலகக் கூடத்தில், தமிழ்ச் சங்கத்துக்கு அவர் பேசவேண்டும். பிரான்சும் ஜெர்மனியும் பகையை விட்டு ஐரோப்பாவை ஒன்றாக்கிய கதை. ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே இரண்டு மாதமாகப் படித்து எழுதியது. அந்த நாளாகப் பார்த்துத்தான் சோமலதா இரண்டு ஐம்பது ரயிலில் வருகிறார். தெகிவளையில் மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சிங்களப் பெண். எடிசன் ஊரில் தன் மகள் வீட்டுக்கு வந்து நிற்கிறார். போனில் "வந்து பார்க்கலாமா" என்று கேட்டபோது மனைவி திரேசாவுக்கு வேறு பதில் வாயில் வரவில்லை. ஆனால் ஈர இலையில் வழுக்கி விழுந்ததில் அவள் வலது கையில் மாக்கட்டு. ஸ்டேஷனுக்குக் கார் ஓடுவதென்றால் அவர்தான் ஓடவேண்டும்.

"எண்பத்திமூண்டுக் கலவரத்திலை பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு போய் அவளின்ரை கேற்றை எத்தினை தரம் தட்டினனாங்கள்? திறந்தவளோ?"

"திறக்கேல்லை."

"பின் மதிலாலை குதிச்சு ஓடினம். வீடு எரிஞ்சுது. பிறகு என்ரை தம்பி ஆமியின்ரை ஷெல்லிலை போனான்..."

"அவவின்ரை ருவனும் போயிட்டான்."

"எந்த ருவன்?"

"எங்கடை சயந்தனோடை கரம்போட் விளையாடின அவவின்ரை மோன்தான். ஆமிக்குப் போனவன். மூண்டு வருசமா ஒரு தகவலும் இல்லையாம்."

அரியரட்ணம் நாற்காலியில் இருந்தார். "ஆமிக்கு ஆர் போகச் சொன்னது?" என்றார். குரல் முன்னைப்போல ஏறவில்லை.

திரேசா இடது கையால் தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். உள்ளதைச் சொன்னால், அவர் இந்தக் கதையைச் சொல்லக் கேட்பது அவளுக்குப் பிடிக்கும். எழுபத்தைந்து வருடத்துக்குள் மூன்று தரம் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்தவர்கள், கடைசிச் சண்டை முடிந்து ஆறே வருடத்தில் என்ன செய்தார்கள்? கட்டிப்பிடித்து அழவில்லை. டாங்கி செய்யத் தேவையான நிலக்கரியையும் உருக்கையும், இன்னும் நாலு நாடுகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பொதுக் கையில் ஒப்படைத்தார்கள். இனி ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் துவக்குச் செய்ய வழியில்லை. ஊருக்கு ஊர் உறவு வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பழைய எதிரியின் வீட்டுக்கு விடுமுறைக்கு அனுப்பினார்கள். இந்த வருடம் பொதுக் காசுகூடத் தொடங்கியாகிவிட்டது. பெற்ற பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்ப அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று திரேசா எத்தனையோ தரம் வியந்திருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் வைத்திய மாநாடு ஒன்றுக்காக ஸ்ட்ராஸ்பூர்க் போனபோது அதைக் கண்ணாலும் கண்டார்கள். ரைன் நதிப் பாலம். இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் ஜெர்மனி. அரியரட்ணம் பழக்கதோஷத்தில் கடவுச்சீட்டை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். காவல் கூடு வெறுமையாக இருந்தது. "ஐசி கேக்க ஒரு நாயுமில்லை, திரேசா!" என்று கத்தினார். கொழும்பில் சந்திக்குச் சந்தி ஐசி என்ற அடையாள அட்டையை நீட்டிய மனிதர் சின்னப்பிள்ளைபோல மூன்று தரம் அங்கும் இங்கும் போய்வந்தார். மூன்றாம் தரம் அவர் கண் கலங்கியிருந்தது.

"இதிலை அந்த வீட்டுக்கார மனுசியின்ரை கதை இருக்கோ?" என்று கேட்டாள்.

"கடைசிப் பக்கம். அதுக்குத்தான் சனம் கைதட்டும்."

ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவர்கள் தங்கிய வீட்டுக்காரி சொன்ன கதை அது. அறுபத்துநாலில் ஒரு ஜெர்மன் பெட்டை அந்த வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தாள். வீட்டுக்காரியின் தாய், யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்தவள், எட்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"உப்போடை முடிச்சுப்போட்டியளே. உப்புக்கு முதல் என்ன நடந்தது?"

அவர் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தத் தாய் கேட்டவ. உன்ரை அப்பா யுத்தத்திலை எங்கை நிண்டவர் எண்டு. பெட்டை ஒளிக்காமல் சொன்னவள். ரெண்டு பேரும் அழுதவையாம். பிறகுதான் உப்பு. அதுக்குப் பிறகுதான் அவள் வருசா வருசம் வாறாள்."

"நீளம் எண்டு வெட்டிப்போட்டன்."

"நல்ல வெட்டு. இஞ்சருங்கோ, கேற்றைத் திறக்காததைக் கேக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பதினாறு வருசமா எனக்கும் அது நெஞ்சுக்குள்ளைதான் கிடக்குது. மேசையிலை இருத்தி, சாப்பாட்டைப் போட்டுக் கேளுங்கோ. அவ ஸ்டேஷனிலை குளிருக்கை நிக்க, நீங்கள் ஆறு மணிக்குப் போய்க் கைதட்டு வாங்குங்கோவன். நல்லா இருக்கும்."

அரியரட்ணம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு முப்பத்தைந்து.

"கார்த் திறப்பு எங்கை?" என்று சாவியைத் தேடினார்.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கிய சோமலதா பாதியாகச் சுருங்கியிருந்தார். மருமகனின் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அரியரட்ணம் அவர் பையை வாங்கினார். முன் கதவைத் திறந்துவிட்டார். திரேசா பின்னால் ஏறினாள். வீடு வரும்வரை வைப்பர் மழையைத் தள்ளிக்கொண்டே வந்தது.

இடியப்பமும் சொதியும். ஒற்றைக் கையால் சமைத்ததில் திரேசா சொதிக்கு உப்புப் போட மறந்துபோனாள். சோமலதா ஒரு வாய் வைத்தார்; "நல்லாயிருக்கு" என்று தெரிந்த தமிழில் சொன்னார்.

"பொய் சொல்லாதேங்கோ," என்றாள் திரேசா. சோமலதா சிரித்துவிட்டார்.

அரியரட்ணம் எழுந்து போய் உப்புப் போத்தலை எடுத்துவந்து சோமலதாவின் கைக்கெட்ட வைத்தார். தன் இடத்துக்குப் போகவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து இருந்தார். பதினாறு வருடமாக வாயில் எடுக்காத சிங்களத்தைத் தேடித் தேடி, சத்தம் உயராமல் கேட்டார்:

"சோமலதா அக்கே, அண்டைக்கு நாங்கள் கேற்றைத் தட்டினது உங்களுக்குக் கேட்டதோ?"