கத்தாத சரக்கு

வெங்காய மண்டியை ஆஸ்பத்திரி ஆக்கியதில் தரம் என்கிறவருக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. வெள்ளம் வடிந்த கையோடு ஊரில் பாதிப்பேருக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. இருக்கிற ஆஸ்பத்திரியில் முழங்கால் அளவு சேறு. கூரை ஒழுகாத பெரிய இடம் மண்டிதான் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட, நிவாரணக்காரர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். எடைமேடை இருந்த இடத்தில் கட்டில். சாக்கு தைக்கிற மூலையில் மருந்துப் பெட்டி. பிளீச்சிங் பவுடரை அள்ளி அள்ளிக் கொட்டியும் வெங்காய வாடை மட்டும் நகர மாட்டேன் என்றது.

தரம் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வருகிற மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது அவர் வேலை. வெங்காயத்தின் கழுத்தை விரலால் அமுக்குவார், மோந்து பார்ப்பார், முடிந்தது. சரக்குக்காரன் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் கழிவு இரண்டாம் தரமாகும். ஆனால் காதைத் திறந்து வைத்திருப்பார். அழுகல் சரக்கைக் கொண்டுவந்தவன்தான் குய்யோ முறையோ என்று கத்துவான், நல்ல சரக்குக்காரன் ஓரமாக நின்று பல்லைக் குத்திக்கொண்டிருப்பான் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு மண்டியில் அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை.

வேலை போய் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றவரை நர்ஸம்மாதான் பிடித்து இந்த வாசல் வேலையில் போட்டார். முண்டியடிக்கிற கூட்டத்தைப் பிரித்து அனுப்ப, எவனுக்கும் மசியாத ஆள் வேண்டும். மூன்று நிறத்தில் துணிக் கீற்று. சிவப்பு கட்டினால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் அடுத்தபடி. பச்சை என்றால் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டியது. கண் குழிந்திருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா, தோலைக் கிள்ளிவிட்டால் உடனே அமுங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். தரம் முதலில் அப்படித்தான் பார்த்தார். பிறகு, கத்துகிறவன் ஒருவனுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், கிள்ளுவதை விட்டுவிட்டுக் காதை நம்ப ஆரம்பித்தார். தூக்கிவந்தவனுக்கு மட்டும் சிவப்போ மஞ்சளோ; நடந்து வந்தவன் கத்தினால் நடிப்பு, கத்தாவிட்டால் நல்ல சரக்கு, இரண்டும் பச்சை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. வெளியூர் டாக்டரம்மாகூட அவரைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தார். திட்டவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

அன்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சம்சாரம் வழி மறித்தாள்.

"என் தம்பிக்குப் போயிட்டே இருக்காம். ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கான். நான் போய்க் கூட்டிக்கிட்டு வரேன்."

"வரட்டும். எல்லாரையும் போல வரிசையில வரட்டும்."

"உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுங்கிறது ஊருக்கே தெரியும். அந்தச் சண்டையை வாசல்ல வெச்சுக்காதீங்க. எனக்குன்னு இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான்."

"நான் என்ன அவனைக் கழிவுலயா தள்ளப் போறேன்?"

"தள்ளுவீங்க. அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

வாசலில் அவருக்குப் பேச்சுத் துணை டீச்சரம்மா. இங்கிலீஷ் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டாக்டரம்மா பேசுவதைத் தமிழில் சொல்ல வந்திருந்தார். சொல் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று தோண்டுவதில் அந்த அம்மாவுக்குப் பைத்தியம். தரத்துக்கு அதில் முதலில் நம்பிக்கை இல்லை. செத்துப்போன பாஷையில் என்ன இருந்தது என்று எவன் போய்ப் பார்த்தான்? ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தால் அவராகவே கிளறுவார்.

"டீச்சரம்மா, நம்மளை என்னமோ 'விக்டிம்' 'விக்டிம்'னு எழுதுறாங்களே, அது என்ன?"

"பாதிக்கப்பட்டவங்கன்னு அர்த்தம். ஆதியில சாமிக்குப் பலி குடுக்கிற மிருகத்துக்குத்தான் அந்தப் பேரு."

"அப்படிப் போடு! வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணி காட்டுற மாதிரிதான் உப்புத் தண்ணி குடுக்கறாங்களா?"

"இப்போ யாரும் அந்த நினைப்புல சொல்றதில்லைண்ணே. சொல்லுக்கு வயசாயிடுச்சு, பழசை மறந்துடுச்சு."

"மறந்த மாதிரி நடிக்குதோ என்னமோ. சரி, ஆம்புலன்ஸ்?"

"நடக்கிறதுன்னு அர்த்தம். பட்டாளம் போற இடமெல்லாம் கூடவே ஒரு ஆஸ்பத்திரியும் போகுமாம். நடக்கிற ஆஸ்பத்திரி. அதுல ஆஸ்பத்திரி உதிர்ந்துபோய் நடக்கிறது மட்டும் மிஞ்சிடுச்சு."

"நம்ம ஊரு ஆம்புலன்ஸும் நடந்துதான் வருது. ஆஸ்பத்திரிக்கு என்ன கதை?"

"விருந்தாளிங்கிற சொல்லோட குடும்பம். அதுலயே பங்காளி மாதிரி இன்னொரு சொல் இருக்கு, அதுக்கு எதிரின்னு அர்த்தம். வாசல்ல வந்து நிக்கிற அந்நியன் விருந்தாளியாவும் இருக்கலாம், எதிரியாவும் இருக்கலாம் இல்லையா?"

தரம் தொடையில் தட்டிச் சிரித்தார். "இதுக்கு எதுக்கு டீச்சரம்மா அவ்வளவு தூரம் போகணும்? எங்க மச்சான் ஒருத்தன் போதாதா? ரெண்டும் அவன்தான்."

இப்படித்தான், தலைக்கு மேல் தொங்கிய பலகையைப் பற்றியும் கேட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. டாக்டரம்மா அவரைக் காட்டிச் சொல்கிற சொல்லும் அதுவும் ஒன்று என்பது வரைக்கும் பிடித்து வைத்திருந்தார்.

"ட்ரியாஜ்" என்றார் டீச்சரம்மா. "நீங்க செய்யற வேலைக்குப் பேரு. பிரெஞ்சுக்காரன் சொல்லு. பொறுக்கிப் பிரிக்கிறது. இங்கிலீஷ்காரன் அதை எடுத்துக்கிட்டு வந்து ஆட்டு ரோமத்தைத் தரம் பிரிக்கிறதுக்கு வெச்சிக்கிட்டான். அப்புறம் காப்பிக்கொட்டை."

தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னது? தரம் பிரிக்கிறதா?"

"ஆமாங்க. உடைஞ்ச கொட்டைக்குக்கூட அதே பேரு இருந்துச்சு. கடைசித் தரம்."

"அப்போ கழிவு!"

"அதுக்கப்புறம்தான் அந்தச் சொல்லு..." என்று டீச்சரம்மா தொடங்கும்போதே உள்ளேயிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். "இருங்க, வந்து மீதியைச் சொல்றேன்" என்று எழுந்து ஓடினார்.

மீதி எதற்கு? தரத்துக்கு அதுவே வயிறு நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் யாரோ படித்தவர்கள் வேலையை இரவலுக்குச் செய்கிறோம் என்ற கூச்சம் ஓரத்தில் இருந்துகொண்டேயிருந்தது. இப்போது பார்த்தால் இந்த டாக்டர்கள்தான் மண்டிக்காரனிடம் இரவல் வாங்கியிருக்கிறார்கள். மனிதனோ வெங்காயமோ, பிரிக்கிற கைக்குத் தெரியும். பலகையை அண்ணாந்து பார்த்தார். அது தன் கடைப் பலகை மாதிரியே இருந்தது.

அந்த நிறைவோடு அவர் இருக்கும்போதுதான் சம்சாரம் தம்பியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். மச்சான் நடந்துதான் வந்தான். தலை தொங்கியிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை துரை! கடைசியில என் மண்டியிலதான் வந்து நின்னீங்களா?" என்றார் தரம்.

ஒரு பேச்சுக்கு நாலு பேச்சு திருப்பிக் கொடுக்கிறவன் மச்சான். கல்யாணப் பந்தலிலேயே இவரை எடை போட்டுப் பேசியவன். இன்று வாயைத் திறக்கவில்லை. சற்று தள்ளி ஓர் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் சாகப் போறேன், எவனுக்காவது கண்ணு இருக்கா" என்று மண்டி அதிரக் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தான். இதற்கு மச்சான் தேவலையே என்று நினைத்தார் தரம். அடங்கிவிட்டான், புத்தி வந்துவிட்டது. பையிலிருந்து பச்சைக் கீற்றை உருவி மணிக்கட்டில் கட்டினார்.

"பச்சையா?" என்றாள் சம்சாரம்.

"நடந்துதானே வந்தான்? கத்தலை, புலம்பலை. பெஞ்சுல உட்கார்ந்து தண்ணி குடிக்கட்டும், சரியாயிடும்."

"கிள்ளிப் பார்த்தீங்களா?"

"நீ எனக்குத் தொழில் சொல்லித் தரியா? போய்க் குழாய்ல தண்ணி பிடிச்சிக்கிட்டு வா. வரிசை நீளம்."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். டம்ளரைத் தம்பி கையில் திணித்துவிட்டு வாளியோடு போனாள்.

அதன் பிறகு நாலைந்து பேருக்குக் கட்டினார். கூப்பாட்டுக்காரனுக்கும் பச்சை கட்டி அனுப்பினார். டீச்சரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார்.

"ஏன் டீச்சரம்மா, காப்பிக்கொட்டையோட நின்னுச்சே, அது எப்படி இங்க வந்து சேர்ந்துச்சு?" வம்புக்குத்தான் கேட்டார். தன் தொழிலின் பெருமையை இன்னொரு தடவை கேட்கிற ஆசை.

"பட்டாளத்துக்குப் போச்சுண்ணே. சண்டையில அடிபட்டவங்க குவிஞ்சு கிடப்பாங்க, டாக்டர் ஒருத்தர்தான் இருப்பாரு. யாரை முதல்ல தூக்குறது? அங்க இந்தச் சொல்லு தேவைப்பட்டுச்சு. ஆனா அங்க போனதும் தலைகீழா மாறிடுச்சு."

"என்ன தலைகீழ்?"

"கொட்டையில நல்லதை எடுத்துக்கிட்டு நொறுங்கினதை ஒதுக்குவான். இங்க நொறுங்கினதைத்தான் முதல்ல எடுக்கணும்."

"அது தெரிஞ்சதுதானே. சிவப்பு முதல்ல."

"தெரிஞ்சதுதான். ஆனா நொறுங்கினது எதுன்னு கண்டுபிடிக்கிறதுலதான் கஷ்டமாம். இப்பகூட டாக்டரம்மா அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. கத்துறவனுக்குக் கத்துறதுக்குத் தெம்பு இருக்கு. சத்தமே இல்லாம இருக்கிறான் பாருங்க, அவன்கிட்டதான் முதல்ல ஓடணுமாம்."

டீச்சரம்மா இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அது தரத்தின் காதில் விழவில்லை. கையிலிருந்த கீற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். வாசல் அப்படியே திறந்து கிடக்க, கூட்டம் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. "அண்ணே, எங்க போறீங்க?" என்று டீச்சரம்மா கத்தினார்.

பெஞ்சின் கோடியில், சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான் மச்சான். கையில் டம்ளர். சம்சாரம் ஊற்றிக்கொடுத்த தண்ணீர் ஊற்றின மட்டத்திலேயே இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை.

"டேய். டேய் மச்சான். ஏதாவது சொல்லுடா. திட்டுடா."

புறங்கையைக் கிள்ளி விட்டார். தோல் எழும்பியது எழும்பியபடி, துவைத்து மடித்த வேட்டி மடிப்பு மாதிரி நின்றது. அமுங்கவே இல்லை. பல் படாமல் அந்தப் பச்சை முடிச்சு அவிழ்வேனா என்றது. கடித்துப் பிய்த்தார். மூட்டை தள்ளுகிற வண்டி சுவரோரம் சாத்தியிருந்தது. அவனை அள்ளி அதில் போட்டு, "நர்ஸம்மா! சிவப்பு! சிவப்பு!" என்று மண்டி இடிந்து விழுகிற மாதிரிக் கத்திக்கொண்டு ஓடினார். மண்டியில் அவர் கத்தி அதுவரை எவனும் கேட்டதில்லை.

நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸம்மா இந்தக் கையில் குத்தினார், அந்தக் கையில் குத்தினார். டாக்டரம்மா வந்து முழங்கையைத் தட்டித் தடவிப் பார்த்து ஒருவழியாக ஊசியை ஏற்றினார். பாட்டில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஒன்று தீர்ந்து இன்னொன்றை மாட்டினார்கள்.

சம்சாரம் வாளியோடு வந்து, பெஞ்சின் காலியான கோடியைப் பார்த்து, கீழே கிடந்த பச்சைத் துணியைப் பார்த்து, உள்ளே வந்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தரம் சொன்னார்.

"நான் கிள்ளிப் பார்க்கலை. சத்தம் போடலையேன்னு கட்டிட்டேன்."

அவள் அழுது கூப்பாடு போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து தம்பியின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

டீச்சரம்மா வந்து அவர் பக்கத்தில் நின்றார். "நான் பாதியில விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார்.

"நர்ஸம்மா முழுசாத்தானே சொல்லிக்கொடுத்தாங்க. எனக்குப் பிடிச்ச பாதியை நான் எடுத்துக்கிட்டேன்" என்றார் தரம்.

வெயில் சாயும் நேரத்தில் மச்சான் முனகினான். பிறகு தண்ணீர் கேட்டான். டாக்டரம்மா கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, நாடி பிடித்து, ஒரு வார்த்தை சொன்னார். "பிழைச்சுக்குவாரு. மஞ்சளுக்கு மாத்தலாமாம்" என்றார் டீச்சரம்மா.

தரம் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கீற்றை எடுத்தார். சம்சாரம் கையை நீட்டினாள்.

"குடுங்க. நான் கட்டிக்கறேன்."

கொடுத்தார். அவள் உடனே கட்டவில்லை. தம்பியின் புறங்கையைக் கிள்ளி விட்டு, தோல் மெள்ள மெள்ள அமுங்குகிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுக்கா" என்றான் அவன், ஈனக் குரலில்.

"வலிக்கட்டும்" என்று சொல்லி இன்னொரு முறை கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டாள்.

தரம் கொஞ்ச நேரம் நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் தம்பியின் வாயில் டம்ளரை வைத்துப் புகட்டத் தொடங்கினாள். அவர் வாசலுக்கு வந்தார். அங்கே ஓர் ஆள் துண்டைச் சுழற்றி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி, வரிசையின் வாலுக்குப் போனார். பழைய சாக்கு அடுக்கின் மேல் ஒரு பெண் சத்தமில்லாமல் சாய்ந்து கிடந்தாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாகச் சரக்கு கொண்டுவந்தவள் முகத்தை நேராகப் பார்ப்பதுபோல் பார்த்து, "அம்மா, கையைக் கொஞ்சம் குடுங்க" என்றார்.