அடுத்து என்கிற கட்டம்

1

இந்தக் கதை நேற்றுச் சாயங்காலம் என் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது. உள்ளங்கையளவு படம் ஒன்று. மேலே வழவழப்பான பிளாஸ்டிக் உறை, பின்பக்கம் ஒட்டுப்பட்டை. படத்தில் ஒரு வெள்ளை பஸ்.

"இத எங்கயாவது ஒளிச்சு வைங்க மா."

"பஸ் படத்தையா?"

"ஆமா. இல்ல, வேணாம், குடுங்க. சரி, அங்கயே இருக்கட்டும்."

எனக்குக் கதைகள் இப்படிப் பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும். சில சமயம் வராமலே போகும். அதனால் ஒழுங்கான தொடக்கம் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வழுக்கினேன்.

(முதல் முயற்சி: "இங்கிலாந்தின் டெர்பி நகரத்தின் மீது சாம்பல் நிற மழை" — போதும். டெர்பியில் மழை பெய்ததைச் சொல்ல ஒரு கதை எதற்கு?)

(இரண்டாம் முயற்சி: "நைஜீரியாவிலிருந்து வந்து, இங்கே புள்ளியியலில் முதுகலை முடித்து, சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் வகுப்பு உதவியாளராக வேலை பார்க்கும் மொரெனிகே என்பவள்" — இது வேலைக்குப் போடும் விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. ஆனால் இதிலுள்ள விவரம் உங்களுக்குத் தேவைப்படும், அதனால் அடிக்காமல் விடுகிறேன். அவளை வீட்டில் கூப்பிடும் பெயர் நிக்கே. என் மாடி அறையில் குடியிருக்கிறாள். என் மிளகாய்த்தூளைப் பார்த்து, "இது பச்சப்புள்ளைக்குப் பூசுற பவுடரா மா?" என்று கேட்டவள்.)

இப்போது வெள்ளிக்கிழமை காலை. நிக்கே பள்ளிக்குப் போய்விட்டாள். தலைமை ஆசிரியர் அறையில் இன்று கூட்டம். அவள் திரும்பி வருவதற்குள் நான் இதை முடிக்க வேண்டும். நடந்தது தெரிந்த பிறகு எழுதினால் அது செய்தியாகிவிடும்.

2

பலகையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

டெக்லனுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை. அவனிடம் ஒரு பலகை உண்டு, அதில் இரண்டே கட்டம். ஒன்று 'இப்போது'. மற்றது 'அடுத்து'. ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். இப்போதைய வேலை முடிந்ததும் அவனே அந்தப் படத்தைப் பிய்த்து, 'முடிந்தது' என்கிற பையில் போட்டுவிட்டு, அடுத்த படத்துக்குப் போவான்.

நிக்கே வேலைக்குச் சேர்ந்த அன்று மாரீன் சொல்லிக்கொடுத்தாளாம். மாரீன் அந்த வகுப்பின் மூத்த உதவியாளர்.

"இதுதான் அவனுக்குச் சட்டம், கண்ணு.* நீயும் நானும் பேசறது அவனுக்கு மழைச் சத்தம். படத்த ஒட்டினா அது நடக்கணும். நடக்காதத ஒட்டாத."

"நடக்கலைன்னா?"

"நீ பொய் சொல்லிட்டேன்னு அர்த்தம். அவன் மன்னிக்க மாட்டான். என் வீட்டுக்காரன் மாதிரி ஏமாளி இல்ல அவன்."

(* மாரீன் உண்மையில் சொன்னது "வாத்தே". இந்த ஊரில் பிரியமாகக் கூப்பிடுவது அப்படித்தான். அப்படியே எழுதிப் பார்த்தேன், வகுப்பறை குளமாகிவிட்டது.)

3

நேற்று நடந்ததை நிக்கே அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள். வாணலியில் வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. நான் இடையில் எழுத்தாளர் வருணனை எதையும் செருகப் போவதில்லை.

"வேன் பழுது மா. நீச்சலுக்குப் போக முடியல. பலகைல நீச்சல் படம் இருந்துச்சு. அத நாங்களே பிய்ச்சு எடுத்தோம். அவனுக்கு எப்படி இருக்கும்? சுவத்துல தலைய முட்ட ஆரம்பிச்சுட்டான். நான் கைய நடுவுல வெச்சேன். பாருங்க."

விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

"மாரீன் எங்க போனா?"

"அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளைக்கு வலிப்பு. அவ அங்க. டீச்சர் வெளிய பயிற்சிக்குப் போயிருந்தாங்க. நான் என்ன செய்ய? 'இப்போது'ல வாழைப்பழத்த ஒட்டினேன். வழக்கமா அதுக்கப்புறம் பாட்டு, அப்புறம் வட்டமா உக்காந்து விளையாட்டு, அதுக்கும் அப்புறம்தான் பஸ். நான் நடுவுல ரெண்டையும் விட்டுட்டு நேரா பஸ்ஸ ஒட்டிட்டேன். பஸ்னா வீடு. வீடுன்னா அம்மா."

"அடங்கினானா?"

"உடனே. அப்படி ஒரு அமைதி. பழம் திங்கறதுக்குள்ள படத்த மாத்திடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள மாரீன் கூப்பிட்டா. வலிப்பு வந்த பிள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். போனேன்."

அவள் போன இடைவெளியில் டெக்லன் பழத்தைத் தின்று முடித்தான். வாழைப்பழப் படத்தைப் பிய்த்துப் பையில் போட்டான். கோட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். பூட்டுள்ள கதவுதான். ஆனால் பெட்டி இறக்க வந்த யாரோ ஒருவர், கோட்டும் பையுமாக வரும் பிள்ளையைப் பார்த்து, கதவைப் பிடித்து வழிவிட்டிருக்கிறார்.

"பஸ் நிக்கற இடத்துல தரையில ஒரு மஞ்சள் வட்டம் இருக்கு மா. அங்க போய் நின்னுக்கிட்டான். அந்நேரம் சமையல்கட்டுக்குக் காய்கறி லாரி ரிவர்ஸ்ல வருது. நான் கத்தறேன், அவன் நகரல. ஏன் நகரணும்? அவன் நிக்க வேண்டிய இடம் அதுதானே? ட்ரைவர் கண்ணாடில பாத்துட்டாரு. இவ்வளவுதான் இடைவெளி."

கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினாள். எண்ணெய் சொட்டியது.

"திரும்ப உள்ள வந்தா பலகைல ரெண்டு கட்டமும் காலியா இருக்கு."

4

எனக்கு மாரீன்மேல்தான் சந்தேகம். ஆளாக அல்ல, கதாபாத்திரமாக.

"பலகைல ஒண்ணும் இல்ல. நல்லாப் பாத்துக்கோ, கண்ணு."

"மாரீன், நான்தான் அத—"

"நீ ஒண்ணும் பண்ணல. பிள்ளை ஓடிட்டான். ஏற்கெனவே ரெண்டு தடவ ஓடினவன்தானே? பிரிட்சர்ட் அப்படித்தான் நெனச்சிருக்காரு. நெனச்சுக்கட்டும்."

"அவன் ஓடலையே! பலகை சொன்னத செஞ்சான்."

"செப்டம்பர்ல உனக்கு என்ன தரேன்னு சொல்லியிருக்காரு பிரிட்சர்ட்? அத நெனச்சுக்கோ. இந்தா, பைக்குள்ள போடு." பஸ் படம் கை மாறியது.

பிரிட்சர்ட் தலைமை ஆசிரியர். செப்டம்பரில் நிக்கேவுக்கு ஆசிரியப் பயிற்சி இடம், கூடவே அவள் விசாவுக்குப் பள்ளியே பொறுப்பு ஏற்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போதுள்ள விசா கோடையோடு முடிகிறது. ஒரு பிள்ளையின் பாதுகாப்பில் தவறு செய்தவள் என்று பேர் வந்தால் அந்த வாக்கு காற்றோடு போகும். அவளும் விமானம் ஏறவேண்டியதுதான். மறைத்த மாரீனும் மாட்டுவாள்.

நிக்கே வாயை மூடிக்கொண்டால்? டெக்லன் மூன்றாவது முறை ஓடினான் என்று ஆகும். இந்தப் பள்ளியில் அவனை வைத்துக் காக்க முடியாது என்று சொல்லி, கடற்கரையோரம் ஒரு தங்கிப் படிக்கும் பள்ளிக்கு அனுப்புவார்கள். பேச்சு ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்ததுதான்.

முதல் வரைவில் மாரீனுக்கு மெல்லிய உதடுகளும் குளிர்ந்த கண்களும் கொடுத்தேன். நான் மாரீனைப் பார்த்ததே கிடையாது. அப்புறம் நிக்கேவிடம் கேட்டேன்.

"அவ கெட்டவளா?"

"போன குளிர்ல நான் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஸ்வெட்டரப் பாத்துட்டு, 'இது என்ன, வெங்காயம் கட்டற வலையா?'ன்னு கேட்டா. மறுநாள் கோட்டு வாங்கிட்டு வந்தா மா. இதோ, இதுதான்."

ஆகவே: மாரீன் ஒரு

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

5

பள்ளி விடும் நேரத்தில் டெக்லனின் அம்மா வந்திருக்கிறாள். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். அவள் பெயர் கெரி. கடையில் வேலை பார்க்கும் சீருடையோடு வாசலில் நின்றாளாம். இந்தப் பேச்சை நிக்கே இரண்டு தடவை சொன்னாள். இரண்டாம் தடவையில் தன் பதில்களை மட்டும் விட்டுவிட்டாள். நான் முதல் தடவை சொன்னதை எழுதுகிறேன்.

"அவன் ஓடினத நீ பாத்தியா?"

"வெளிய நின்னதப் பாத்தேன்."

"கோட்டு போட்டிருந்தானாமே? லாரிக்காரர் சொன்னாரு. ஜிப்பு கழுத்து வரைக்கும்."

"ஆமா."

"பையும்?"

"பையும்தான்."

"என் பிள்ளை ஓடினா செருப்பு மாட்ட மாட்டான். போன தடவ பனியில வெறுங்காலோட ஓடினான், பின்னாடியே நானும் வெறுங்காலோட ஓடினேன். கோட்டு போட்டு, ஜிப்பு இழுத்து, பைய மாட்டிக்கிட்டு யாராவது ஓடுவாங்களா? உனக்குப் புரியுதா?"

"நாளைக்குக் கூட்டத்துல—"

"நாளைக்கு அவங்க பேசுவாங்க. நான் தலையாட்டணும். ராத்திரி அவன் என் காது மடலப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அங்க போய் யார் காதப் பிடிப்பான், சொல்லு?"

நிக்கேவின் கோட்டுப் பையில் அப்போது பஸ் படம் இருந்தது. (இதை நான் சேர்க்கவில்லை. அவளே சொன்னாள்: "கெரி கண்ணு என் பை மேலயே இருக்கற மாதிரி இருந்துச்சு மா. அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது.")

6

இந்தப் பகுதியில் நான் வருகிறேன். வேறு வழியில்லை, என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது.

"நீங்க சொல்லுங்க மா. நான் என்ன செய்யட்டும்?"

"______________"

அந்தக் காலி இடத்தில் மூன்று வேறு வேறு பதில்கள் எழுதி அழித்தாகிவிட்டது. ஒன்றில் நான் அறிவாளி. ஒன்றில் அவளைக் கட்டிக்கொண்டேன். ஒன்றில் நீதியைப் பற்றி ஏதோ உளறினேன். உண்மையில் நான் சொன்னது இதுதான்:

"வாழைக்காய் கருகுது, பாரு."

அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். கருகியதைத் தனியாக எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, நல்லதை என் தட்டில் வைத்தாள்.

7

முடிவுகள்.

அவள் படத்தைப் பிரிட்சர்டின் மேசைமேல் வைக்கிறாள். "அவன் ஓடல சார். நான் ஒட்டினேன். அவன் கீழ்ப்படிஞ்சான்." கெரி முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். பிரிட்சர்ட் நேர்மையைப் பாராட்டி, செப்டம்பர் வாக்கைக் காப்பாற்றுகிறார். — இதை எழுதும்போதே என் பேனா சிரித்தது. வாக்கைக் காப்பாற்றாத பிரிட்சர்டையும் எழுதினேன். அதில் நிக்கே பெட்டி கட்டுகிறாள். அந்தப் பக்கத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று: அவள் பேசவில்லை. டெக்லன் கடற்கரைப் பள்ளிக்குப் போகிறான். செப்டம்பரில் அவள் ஆசிரியப் பயிற்சியில் சேருகிறாள். முதல் நாள் புதிய பிள்ளை ஒருவனுக்கு முன்னால் பலகையை வைத்து, படத்தைக் கையில் எடுத்து (இதையும் இங்கேயே விட்டேன். கை ஒட்டுவதற்கு முன்னால் நின்றுவிட்டது, அவள் கையா என் கையா தெரியவில்லை).

மூன்றாவதில் டெக்லன் கூட்டத்துக்குள் வந்து, வாயைத் திறந்து, "பஸ்" என்கிறான். கிழித்துப் போட்டேன். என் கதை முடிய வேண்டும் என்பதற்காகப் பேசாத பிள்ளையைப் பேசவைக்கும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது? அவன் பேச வேண்டியதை நேற்றே பேசிவிட்டான். கோட்டைப் போட்டான், பையை மாட்டினான், வட்டத்தில் போய் நின்றான். கேட்க வேண்டியவர்களுக்குத்தான் அது மழைச் சத்தமாக இருந்தது.

8

இன்று காலை.

"மா, என் கோட்டு எங்க?"

"உன் மேலதான் இருக்கு."

குனிந்து பார்த்தாள். சிரிக்க முயன்றாள். மாரீன் வாங்கிக்கொடுத்த கோட்டு. ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள்.

"வரேன் மா."

"சாப்பிட்டுப் போயேன்."

"வந்து சாப்பிடறேன்."

கதவு சாத்திய பிறகு மேசையைப் பார்த்தேன். பஸ் படம் அங்கே இல்லை. குப்பைக் கூடையைக் கிளறினேன். வாழைக்காய்த் தோல்தான் இருந்தது. அவள் அறைக்குள் நான் போகமாட்டேன். ஆகவே படம் அவளிடம் இருக்கிறது. பிரிட்சர்டின் மேசைமேல் வைப்பதற்காகவா, வழியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வீசுவதற்காகவா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் பாலம் வரைக்கும் தெரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

கூட்டம் தொடங்கப்போகும் நேரம். கெரி வந்திருப்பாள். மாரீன் சுவரோரம் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. டெக்லன் வகுப்பில். இன்று அவன் பலகையில் யார் ஒட்டுகிறார்களோ.

என்னிடமும் ஒரு பலகை இருக்கிறது. இரண்டே கட்டம்.

இப்போது: நிக்கே பிரிட்சர்டின் கதவைத் தட்டுகிறாள்.

அடுத்து:

நேற்று ஒரு கேள்விக்குப் பதிலாக வாழைக்காயைக் காட்டியவள் நான். இன்று அவளுக்காகப் படம் ஒட்ட எனக்குத் தகுதியில்லை. உங்களிடம் தருகிறேன். இந்தாருங்கள், பிடியுங்கள். அவசரப்படாதீர்கள். ஒட்டினால் அது நடந்தாக வேண்டும், நடக்காததை ஒட்டக் கூடாது. ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு இரண்டு பேர் காத்து நிற்கிறார்கள்.